பக்கத்தில் நின்றவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு சமாச்சாரத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன் நான். மாப்பிள்ளையின் அத்தையை இரண்டாவது வரிசைக்குப் போகச் சொன்னால் அவர் முகத்தில் தெரிகிறதே, அதைப் பார்த்தவனை வேறெதுவும் பயமுறுத்தாது. நீங்கள் இப்போது உதட்டைச் சுழிப்பதுபோல்தான் நானும் இப்படிக் கதை சொல்கிறவர்களைப் பார்த்துச் சுழித்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் போட்டோக் கடை. வருடம் முழுக்க, "அங்கிள், கொஞ்சம் சிரிங்க, ஆன்டி, கண்ண மூடாதீங்க" என்று கெஞ்சிப் பிழைப்பவனுக்கு, சிரிக்கத் தேவையில்லாத மலைகள் மேல் ஆசை வருவது இயற்கை. அதனால் வருடத்தில் பத்து நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்துக் கிளம்பிவிடுவேன். மங்கோலியா, லடாக், நமீபியா. ஒரே ஒரு கொள்கை, படத்தில் மனிதன் இருக்கக் கூடாது. "ஞானி மாதிரி பேசுறீங்க, ஆனா மூட்டு வலி மாத்திரை இல்லாம ஏற மாட்டீங்க" என்பான் குணா.

குணா என் கடைப் பங்காளி. என்னைவிடப் பத்து வயது சின்னவன், பதினேழு வருடப் பழக்கம். நான் எடுப்பேன், அவன் கணினியில் சரிசெய்வான். அவனுடைய தனித்திறமை, இறந்தவர்களைக் கல்யாணத்துக்கு வரவழைப்பது. நம் வீடுகளில் இது சகஜம்தானே. பெண்ணின் அப்பா தவறியிருப்பார், ஆல்பத்தில் அவர் இல்லாமல் மனசு கேட்காது, பழைய படமொன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். குணா அதிலிருந்து அவரை வெட்டியெடுத்து மணமக்களுக்குப் பின்னால் நிறுத்திவிடுவான். உயிரோடு வந்திருந்தால்கூட அந்த மனிதர் அவ்வளவு ஒழுங்காக நின்றிருக்கமாட்டார்.

ஒருமுறை தப்பு நடந்தது. கிள்ளானில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ஒரு காலத்தில் கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அம்மா கொடுத்த படத்தில் ஒரு லோரிக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். "இடது பக்கத்துல இருந்து மூணாவது" என்றுதான் சொன்னார். குணா வலது பக்கத்திலிருந்து எண்ணிவிட்டான். ஆறு பேரில் அது பக்கத்து ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, வலது கையை அப்பாவின் தோள்மேல் போட்டிருந்தார். குணா அவரைக் கையோடு வெட்டியெடுத்து, அந்தக் கை மணப்பெண்ணின் தோளில் படும்படி ஆசீர்வாதமாக அமைத்துவிட்டான். பிரமாதமாக இருந்தது.

ஆல்பத்தைத் திறந்த அம்மா, "ஐயோ, இது யாரு?" என்றார். அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நாள் தோட்டத்துக்கு வந்துபோன ஆளாக இருக்கும் என்றார். மன்னிப்புக் கேட்டு வேறு ஆல்பம் அடித்துக் கொடுத்தோம். அந்த மனிதரைக் கணினியிலிருந்தும் அழித்தோம். குணா சிரித்தான். "பாவம் அண்ணே, ஒரு வாரம் அப்பாவா இருந்துட்டுப் போறாரு."

அந்த வருடம் மங்கோலியா போய்வந்தேன். ஒரு மணல்மேட்டைச் சுவரளவு பெரிதாக்கிக் கடையில் மாட்டலாமென்று குணாவிடம் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன், மேட்டின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை. வலது கை தோளுயரத்தில் நீட்டியிருக்கிறது.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை. கோபம்தான் வந்தது. குணாவின் வேலை! ஒவ்வொரு வருடமும், "அண்ணே, நானும் வரேன் லா" என்பான், நானும், "அடுத்த வருஷம்" என்று ஏமாற்றிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பழிவாங்குகிறான். கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சந்தேகம் அப்படித்தானே, தண்ணீர் ஊற்றாமலே வளரும். அவன் கணினித் திரையைக் கொஞ்சம் திருப்பினால்கூட எதை மறைக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன்.

அடுத்த முறை லடாக். பொறி வைத்தேன். படங்கள் இருந்த கார்டை அவன் கண்ணிலேயே காட்டவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானே பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், உறைந்த ஏரிக்கு அந்தப் பக்கம் அதே சட்டை, அதே கை.

மூளையுள்ளவன் அங்கேயே குணாவை விட்டிருப்பான். நானோ, கிளம்பும் முன் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தது அவன்தானே என்று யோசித்தேன். லென்ஸுக்குள் ஒரு ஆளை ஒட்டிவைக்க முடியுமா என்று ராத்திரி உட்கார்ந்து ஆராய்ந்தேன். மறுநாள் படத்தைக்கூடக் காட்டாமல், எடுத்த எடுப்பிலேயே, "என் படத்துல கைவைக்கிற வேலைய நிறுத்திக்கோ" என்றேன்.

"என்ன அண்ணே சொல்றீங்க? நான் என்ன வச்சேன்?"

"உனக்கே தெரியும்."

அவன் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "பதினேழு வருஷம் அண்ணே" என்று மட்டும் சொல்லி, தான் தே தாரிக் டீ குடிக்கும் குவளையைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். என்னால் மாமனார்களைத்தான் நிறுத்த முடிந்தது, இறந்த அப்பாக்களை நிறுத்த முடியவில்லை. அதைவிட, கடையில் என்னைக் கேலிசெய்ய ஆளில்லை. கடைசியில் கேமராவை எடுத்துக்கொண்டு சுங்கை பூலோவில் அவன் வீட்டுக்கே போனேன். கார்டு கேமராவுக்குள்ளேயே இருந்தது. லடாக் படத்தைத் திரையில் பெரிதாக்கி நீட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "அண்ணே, இவரு கைய நீட்டல. யாரு தோள்லயோ போட்டிருக்காரு. நாமதான் அந்தத் தோள எடுத்துட்டோம்" என்றான்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். மன்னிப்புக் கேட்டேன். "இதுக்கு முன்னாடியே படத்தக் காட்டியிருக்கலாம்ல? கூறுகெட்ட மனுஷன் லா நீங்க" என்றான். திட்டினால் ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிறு, அந்த லோரிப் படம் எடுத்த தோட்டத்தைத் தேடி இருவரும் கேரி தீவுக்குப் போனோம். பதினேழு வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன முதல் பயணம், ஒரு மணி நேரத் தொலைவுக்கு. உச்சி வெயில். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் ஒரு மண்பாதை. ஓலை ஒன்றுகூட அசையவில்லை. முக்காலியில் கேமராவை வைத்து, தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு ஓடிப்போய் நின்றேன். குணா என் வலப்பக்கம். மனிதன் இருக்கக் கூடாதென்ற என் கொள்கை அன்றோடு போயிற்று.

படத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். பின்னால், ஓரத்தில், ஓலைக்கடியில், எங்கும் தேடினோம், அவர் இல்லை. நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்போதுதான் குணா என் இடது தோளைப் பெரிதாக்கினான். காலையில் இஸ்திரி போட்ட சட்டை. தோள்மேல் மட்டும் துணி அமுங்கி, நான்கு மடிப்பு விழுந்திருந்தது.

"காத்தா இருக்கும்" என்றேன்.

"எங்க அண்ணே காத்து?"

"அந்த மடிப்ப மட்டும் எடுத்துடு, குணா."

"யார வேணும்னாலும் எடுப்பேன். இவர எடுக்க மாட்டேன். எடுத்தா திரும்ப எங்கயாவது போய்த் தனியா நிப்பாரு."

அந்தப் படம் அப்படியே கடையில் மாட்டியிருக்கிறது. அதன் பிறகு நமீபியாவுக்குக் குணாவையும் அழைத்துப் போனேன். எடுத்த படங்களில் மணலும் வானமும்தான், வேறு யாருமில்லை. கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும். கேரி தீவுக்குப் பிறகு, சாலையைக் கடக்கும்போதும் சரி, சாப்பாட்டுக் கடையில் உட்காரும்போதும் சரி, குணா என் வலப்பக்கம்தான் வருகிறான். இடது பக்கம் காலியாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு வருகிறான். சந்தேகப்பட்டு ஒருமுறை அவனை இழந்தவன் நான், எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். இதை மட்டும் இன்னும் கேட்கவில்லை.