பத்துக்கு எத்தனை வலி?

அநியாயம் நடந்தது சரோஜா அக்காவுக்கு. முடக்குவாத வலி பத்துக்கு எட்டு என்று அவர் சொன்னார். டாக்டர் இரண்டு என்று முடிவு கட்டினார். நடுவில் நின்றவள் நான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக்கில் பகுதிநேர மொழிபெயர்ப்பாளர். இந்த வேலைக்கு ஒரே விதி: நோயாளி சொன்னதைச் சொல், உன் கருத்தைச் சொல்லாதே. பல்கலைக்கழக விவாதக் குழுவில் இருப்பவளிடம் போய் இப்படிச் சொல்லலாமா? வலிக்கிறது என்று சொல்லியும் நம்பப்படாத உங்களுக்குத்தான் என் கொதிப்பு புரியும்.

எட்டும் இரண்டும்

அக்கா சாப்பாட்டுக் கடையில் விடிகாலையில் இடியாப்பம் பிழிகிறவர். அந்த நேரத்தில்தான் விரல்கள் மரக்கட்டையாக இருக்கும். வேறு ஆள் பார்க்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மருந்தைக் கூட்டினால்தான் வேலை நிலைக்கும். ஆனால் கடை முடிந்து அவர் கிளினிக் வருவதோ மதியம். அதற்குள் விரல்கள் கொஞ்சம் இளகிவிடும். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், அக்காவின் சிரித்த முகத்தைப் பார்த்தார். "ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. இதே மருந்து போதும்."

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ரிப்போர்ட்டா வந்து இடியாப்பம் பிழியப் போவுது?"

சமாளிக்கலாம்

இதே நோய்க்குக் கிளமெண்டியிலிருந்து வரும் மாணிக்கம் அங்கிள், சட்டைப் பித்தான் போட முடியவில்லை, குழாயைத் திருக முடியவில்லை என்று காத்திருக்கும் இடத்தில் அரைமணி நேரம் என்னிடம் புலம்பினார். உள்ளே போனதும், "ஓகே லா டாக்டர், சமாளிக்கலாம்!" டாக்டரும் மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார்.

ஏன் அங்கிள் இப்படி என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அவ்வளவு படிச்சவரு அக்கறையா கேக்கறாரு, மூஞ்சிக்கு நேரா குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

கோணல் பொட்டு

அடுத்த முறை காலையிலேயே வாங்க, எழுந்த கோலத்திலேயே வாங்க என்று அக்காவிடம் கெஞ்சினேன். "டாக்டரப் பார்க்கப் பரட்டைத் தலையோட வரச் சொல்றியா? எனக்கு யாரும் இல்லையா என்ன?" என்றார். கடைக்கு லீவு போட்டுக் காலையில் வந்தார், ஆனால் பின்னல், மல்லிகைப் பூ, மடிப்புக் கலையாத சேலையோடு.

"தலை பின்னி, சேலை கட்டி வந்திருக்கிறார். கை நன்றாகத்தானே வேலை செய்கிறது?" என்றார் டாக்டர். ஒரு சொல் விடாமல், சற்றுச் சத்தமாகவே மொழிபெயர்த்தேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "பின்னினது என் வீட்டுக்காரரு. மடிப்பு எடுத்தது என் மக. பொட்டு மட்டுந்தான் நான் வச்சேன். எங்க இருக்குன்னு பாருங்க டாக்டர்."

பொட்டு இடது புருவத்துக்கு மேல் இருந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, முதல்முறையாக ஒவ்வொரு விரல் மூட்டாக அழுத்திப் பார்த்தார். "ஐயோ அம்மா!" அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"சரி, ஏழு என்று வைத்துக்கொள்ளலாமா?" என்றார். வலிக்குக்கூடப் பேரம்! நான் வாயைத் திறப்பதற்குள், தேக்கா மார்க்கெட்டில் தினமும் மீன் வாங்குகிற அக்கா முந்திக்கொண்டார்:

"ஏழுன்னே எழுதிக்குங்க டாக்டர், மருந்த மட்டும் எட்டுக்குக் குடுங்க."