மூக்கு நனையாத உயரம்

பக்கத்து வீட்டு வெல்டரைத் தெருவே தவளைக்காரர் என்றுதான் சொல்லும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, துணிக்கொடி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஒரு குட்டிக் குளம் வெட்டினார். யாரும் கூப்பிடாமலே தவளைகள் வந்தன, தட்டான்கள் வந்தன. மனிதர்கள்தான் வரவில்லை. மழை பெய்தால் தவளைகள் வைக்கும் கச்சேரியில் என் வீட்டு டிவி சத்தமே எனக்குக் கேட்காது. பொறுக்க முடியாமல் ஒருநாள் சண்டைக்குப் போனேன். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லையே, அதுங்களாவது கத்திவிட்டுப் போகட்டுமே என்றார். அதற்கு மேல் என்னத்தைச் சண்டை போடுவது?

அவருக்கு ஒரே மகள், வெளியூரில் இருக்கிறாள். அவள் குழந்தை நடக்க ஆரம்பித்ததும் இங்கே வருவது நின்றுபோனது. குளத்தை மூடினால்தான் வருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. நடை பழகும் பிள்ளை, கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீரில் கிடக்கும். மனுஷன் தவித்துப்போனார். பேத்தியும் வேண்டும், ராத்திரியெல்லாம் துணையிருக்கும் தவளைகளும் வேண்டும்.

வாழ்நாளெல்லாம் ஜன்னலுக்குக் கிரில் அடித்தவர் குளத்துக்கும் ஒன்று அடித்தார். தவளை நுழையும், குழந்தையின் கால் நுழையாது, அப்படிக் கட்டங்கள். மேலே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் அதைப் பொருத்தினார். அதன்மேல் ஏறி நின்றுகொண்டு என்னைப் போட்டோ எடுக்கச் சொல்லி மகளுக்கு அனுப்பினார். யானை ஏறினாலும் தாங்கும் என்று பெருமை வேறு.

மகள் உடனே போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அப்பா, நீங்க நிக்கிறீங்க. அவ குப்புறத்தானே விழுவா?"

திருடனுக்குப் பயந்து கிரில் அடித்துப் பழகிய கை. கம்பி தாங்குமா என்று பார்த்தாரே தவிர, விழுந்தால் மூக்கு எங்கே இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். குளத்தில் குப்புறக் கிடந்தார். செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தால், மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையைத் தூக்குகிறார்.

"மூக்கு முங்குதும்மா. இன்னும் ஏத்தணும்."

வாயில் வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்தேன். மனுஷன் அசையவில்லை. கிரிலைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பொருத்தினார். மழையில் குளம் நிறைந்தாலும் கிரிலைத் தொடாமல் வழிந்தோட ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினார். மறுபடி குப்புறப் படுத்தார். மீசை நனையவில்லை.

மகள் வந்தாள். கிரிலைப் பிடித்து உலுக்கினாள், ஏறிக் குதித்தாள், ஓரமெல்லாம் கைவிட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கினாள். அது நேராகப் போய்க் கிரில்மேல் குப்புறப் படுத்து, தவளையை வா வா என்று கூப்பிட்டது. தாத்தாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். வயிற்றில் கட்டம் கட்டமாகக் கம்பித் தடம் பதியும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

என் ஓட்டைவாய் சும்மா இருக்குமா? அன்றைக்கு மத்தியானம் நான் பயந்தோடிய கதையை மகளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுண்டிப்போனது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, குழந்தைக்கு நான் இருக்கேன். அப்பா விழுந்தா யாரு பாக்குறது?"



இப்போது அந்த வீட்டில் மறுபடி தவளைச் சத்தம் மட்டும்தான். சாயங்காலமானால், குழந்தை படுத்திருந்த அதே இடத்தில் அவர் போய்க் குப்புறப் படுத்துக்கொள்கிறார். உயிரோடு கிடக்கிறாரா என்று இங்கிருந்து பார்த்தால் தெரியாது. மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணா, இருக்கீங்களா?" என்று கத்துகிறேன். தலையைத் திருப்பாமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அடுப்படி வேலை ஓடுகிறது.