நக்கோ

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஞாபகமும் முன்னே பின்னே வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் தாய்மாமா இந்திப் படங்களில் நடித்தவர். ஆம்பூரில் தோல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். இந்தி எப்படித் தெரியும் என்றால், பக்கத்து வீட்டு பாயம்மா மடியில் வளர்ந்தவர். அவர்கள் வீட்டு உருதுதான் அவருக்கு இந்தி. கூட்டத்தில் நின்றார், கதாநாயகனுக்குப் பின்னால் நின்றார், மெல்ல முன்னே வந்து, கதாநாயகனின் தம்பி வேஷமே கிடைத்துவிட்டது. வில்லன் பணப்பையை நீட்டும்போது நிமிர்ந்து நின்று, வேண்டாம் என்பதற்கு 'நஹீ சாஹியே' என்று சொல்ல வேண்டும். மாமா நிமிர்ந்துதான் நின்றார். வாயில் வந்தது எங்கள் ஊர் 'நக்கோ'. விளக்குப் பிடித்தவன்கூடச் சிரித்தானாம். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் நக்கோ. வேஷம் வேறொருவனுக்குப் போயிற்று.

திரும்பி வந்து பழைய கம்பெனியிலேயே சேர்ந்தார். பாயம்மாவுக்குத்தான் கோபம். "இன்னாடா, நான் உனக்குச் சோறு ஊட்டின பாஷையக் கேட்டு அவனுங்க சிரிச்சானுங்களா?"

"சிரிக்கட்டும் பாயம்மா. அந்த வார்த்தைய நாக்குலேர்ந்து புடுங்கிப் போட்டுட்டுத்தான் மறுபடி ரயில் ஏறுவேன்."

பிடுங்குகிற வேலை எனக்கு வந்தது. அப்போது எனக்கு ஏழோ எட்டோ. சாயங்காலம் மாமா ஒரு மக்கன் பேடா வாங்கி வருவார். அவர் எதிர்பாராத நேரத்தில் நான் அதை நீட்டி "சாஹியே?" என்று கேட்க வேண்டும். 'நஹீ சாஹியே' என்றால் பேடா அவருக்கு, 'நக்கோ' என்றால் எனக்கு. ஒழுங்காக வேண்டாம் என்று சொல்பவருக்குத்தான் தின்னக் கிடைக்கும். முதலில் தினமும் எனக்குத்தான். முகத்தில் சோப்பு இருக்கும்போது கேட்டேன், தூக்கத்தில் உலுக்கிக் கேட்டேன். போகப் போகத் தூக்கத்திலும் சுத்தமான இந்தி வந்தது. எனக்குப் பேடா நின்றுபோயிற்று.

அப்போதுதான் பம்பாயிலிருந்து மாமாவின் தோஸ்த் ஒருவர் வந்தார். அன்றைய பேச்சை அம்மா பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள்.

"உன்னத்தான் தேடறாங்க. வேலைக்காரன் வேஷம். யார் இன்னா குடுத்தாலும் நக்கோ, நக்கோங்கணும். ஜனங்க சிரிக்கணும், அவ்ளோதான்" என்றாராம் தோஸ்த்.

"உன்னப் பாத்துச் சிரிக்கறதுக்கா அவ்ளோ தூரம் போற?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

அதற்கு மாமா, "மொதல்ல உள்ள போறேன்க்கா. எந்த வார்த்தைய பேசறதுன்னு அப்பறம் நான் பாத்துக்கறேன்" என்றாராம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவை பம்பாய் கூப்பிட்டுவிட்டது என்பதுதான். நான் கற்றுக்கொடுத்த இந்திக்காகத்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆம்பூர் ஸ்டேஷனில், ரயில் ஜன்னல் வழியாகப் பேடாவை நீட்டி "சாஹியே?" என்றேன். மாமா என்னையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி, "நக்கோ!" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ பகீரென்றது. இவ்வளவு பாடுபட்டும் கடைசி நேரத்தில் மறந்துவிட்டாரே, பம்பாயில் மறுபடியும் சிரிப்பார்களே என்று, பேடாவைத் தின்றுகொண்டே வீடு வரைக்கும் கவலைப்பட்டேன்.

அந்த வார்த்தையால் மாமா சினிமாவில் ஏறினார், ஜனங்களுக்கு அது சலித்ததும் இறங்கினார், தலை நரைத்தபின் ஒரு படத்தில் நீதிபதியாக உட்கார்ந்து, ஒருவரும் சிரிக்காமல், நீளநீளமாக இந்தி பேசினார்.

இந்தி தெரிந்தவர்கள் யாராவது 'நஹீ சாஹியே' என்று நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பானால் திருத்திவிடுங்கள். நக்கோவை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.