கதவுக்குப் பின்னால் ஒரு சுவர்

தம்பி கனடாவிலிருந்து எனக்கு ஒரு வீட்டை அனுப்பியிருந்தான். எங்கள் ஊர் மண்கும்பானில், என் காணியில் கட்டப்போகிற வீடு. இப்போதைக்கு அது அவன் கணினியில் வரைந்த, கைபேசியில் ஓடுகிற இரண்டு நிமிடப் படம்தான். படத்தில் கேற்று வாசலால் உள்ளே போனேன். விறாந்தை, ஹோல், பளபளவென்று குசினி, மாடிப்படி. கடைசியாக என் தையல் அறை வந்தது. வீட்டோரமாகப் போகிற சின்ன ஒழுங்கைப் பக்கம் நான் கேட்ட கதவும் இருந்தது. படத்தில் அது அழகாகத் திறந்தது. திறந்த கதவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்.

முதலில் சிரித்தேன். இரண்டாந்தரம் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் முப்பது வருசமாகச் சாறிக்குப் போடுகிற சட்டை தைக்கிறவள். புளியங்கூடலிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் கூடப் பெண்கள் என்னிடம் வருவார்கள். அளவு கொடுக்க வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும், கை இறுக்கமென்றால் மறுபடி கழற்றித் தர வேண்டும். பழைய வீட்டில் அதற்கு ஹோலைக் கடந்துதான் வரவேண்டும். கதிரையில் அப்பாவோ வந்துபோகிற ஒரு ஆம்பிளையோ இருப்பதைக் கண்டாலே கேற்றடியோடு திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பிப் போனவர்கள் வேறு தையற்காரியிடம் போவார்கள், பிறகு வரமாட்டார்கள். அதனால்தான் கூரை இனித் தாங்காது, இடித்துக் கட்டுவோம் என்று தம்பி சொன்னபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். என் அறைக்கு ஒழுங்கையிலிருந்து நேரே வர ஒரு கதவு. வருசத்தில் மூன்று கிழமை வந்து நிற்கிறவனுக்கு மேலே நாலு அறை. வருசம் முழுக்க இருக்கிறவளுக்கு ஒரு கதவு. பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தொலைபேசியில் கேட்டேன்.

"அக்கா, அந்த இடத்திலை கதவு வைக்கேலாது. சொஃப்ட்வெயர் விடுகுதில்லை. அந்தச் சுவரை எடுத்தா கூரையும் போகுது. நீங்கள் ஹோலாலையே ஆக்களை வரச் சொல்லுங்கோவன்."

"ஏன் விடுகுதில்லையாம்?"

"அது டெக்னிக்கல் பிரச்சினை. உங்களுக்கு விளங்காது."

விளங்காது என்று யாராவது சொன்னால் எனக்குத் தலைக்கு ஏறும். சின்னதிலிருந்தே அப்படித்தான். வீட்டின் ஃபைலை அனுப்பு என்றேன்.

"நீங்கள் அதை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"சும்மா பாத்துக்கொண்டு இருக்கப் போறன்."

ஃபைல் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பாவித்துவிட்டு மூலையில் போட்டிருந்த லப்டொப்பை வாங்கி வந்தேன். தம்பி பாவிக்கிற மென்பொருளே இலவசமாகவும் கிடைத்தது. முதல் நாள் நான் செய்த அநியாயத்தைச் சொல்லக்கூடாது. மாடிப்படி தனியாகப் போய் ஒழுங்கையில் நின்றது. குளியல் தொட்டி கூரைக்கு மேல் ஏறியது. நல்ல காலம், செய்ததைச் செய்யாததாக்க ஒரு பொத்தான் இருந்தது. தையலில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பட்டுத் துணி தப்பியிருக்கும்!

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அந்தக் கதவோடேயே மல்லுக்கட்டினேன். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதே கதை. ஒரு சாண் தள்ளி வைத்தேன். அதே கதை. கதவை விட்டு யன்னல் வைத்தேன், யன்னலுக்குப் பின்னாலும் சுவர். வீட்டைத் திருப்பி ஒழுங்கைப் பக்கமிருந்து பார்த்தேன். சுவரில் ஒரு கீறல் கூட இல்லை. உள்ளே நின்றால் கதவு இருக்கிறது, வெளியே நின்றால் இல்லை.

மேசையில் லைனிங் வைத்த சட்டை ஒன்று தைத்தபடி கிடந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டியது. பதினேழு வயதில், தொழில் பழகிய புதிதில், மேல் துணியை மட்டும் வெட்டிப் பொத்தான் துளை போட்டுவிட்டு உள் துணியை வெட்ட மறந்திருக்கிறேன். மேலே பார்க்கத் துளை இருக்கும். பொத்தான் மட்டும் போகாது.

அப்படியானால் இங்கே இரண்டு சுவர்.

சுவரைத் தொட்டு மெல்ல இழுத்தேன். கதவோடு ஒரு சுவர் கையோடு வந்தது. அதே இடத்தில், அச்சொட்டாக, இன்னொரு சுவர் அசையாமல் நின்றது. மற்றப் பக்கங்களையும் இழுத்துப் பார்த்தேன், சிலவற்றின் கீழே அதேபோல ஒன்று கிடந்தது. விசயம் விளங்கிவிட்டது. தம்பி முதலில் பழைய வீட்டை வரைந்திருக்கிறான். அதன் மேல் புதிய வீட்டை வரைந்திருக்கிறான். பழையதை அழிக்கவில்லை.

அசையாமல் நின்ற அந்தச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா எழுப்பிய சுவர். வீடு கட்டும்போதே அம்மா என் அறைக்கு வெளிக்கதவு கேட்டார். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை படுக்கிற அறைக்கு ஒழுங்கைப் பக்கம் கதவு வேண்டாம் என்று அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதே அப்பாதான் எங்கள் ஊர் வழக்கப்படி, காணியும் வீடும் மகளுக்குச் சீதனம் என்று என் பேரில் உறுதிப்பத்திரம் எழுதி முடித்தார். கல்யாணம் வரவில்லை. உறுதி மட்டும் அலுமாரியில் இருக்கிறது. கல்யாணம் இல்லாததால் வீடும் எனக்கு இல்லை என்று சொந்தக்காரர் பலருக்கு ஒரு நினைப்பு. வீடு முழுக்க என் பேரில் இருக்க, ஒரு கதவுக்கு நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அப்பாவின் சுவரைத் தெரிவு செய்து அழித்தேன்.

தம்பி சொன்னது உண்மைதான். கூரை போய்விட்டது. அறையின் நிலமும் போய்விட்டது. என் அறை இருந்த இடத்தில் வெறும் புல்லுத்தரை. அன்றைக்கு லப்டொப்பை மூடிவிட்டு, மூன்று சட்டைக்குக் கொளுக்கி வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் நிதானமாகப் பார்த்தேன். கூரையை அந்தச் சுவர் தாங்கவில்லை. நாலு பக்கமும் மூடின அறைக்குத்தான் இந்த மென்பொருள் நிலமும் கூரையும் போடும். தம்பியின் புதிய சுவர் மூலையைத் தொடவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு விரல் இடைவெளி. இத்தனை நாளும் அந்த ஓட்டையைப் பழைய சுவர் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. புதிய சுவரின் நுனியைப் பிடித்து மூலை வரைக்கும் இழுத்தேன். நிலம் வந்தது. கூரை வந்து உட்கார்ந்தது. கதவைத் திறந்தேன், வெளியே ஒழுங்கை தெரிந்தது.

சந்தோசத்தில் சத்தமாகக் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலால் எட்டிப் பார்த்தார்.

அதைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலுக்குப் பொறுத்தேன். பிறகு நானே தொலைபேசி எடுத்தேன்.

"சொஃப்ட்வெயர் விட்டிட்டுது," என்றேன்.

கொஞ்சம் இருமினான். "அக்கா, கோவியாதேங்கோ. தனிய இருக்கிற பொம்பிளையின்ரை அறைக்கு ஒழுங்கைப் பக்கம் கதவு வைச்சா பாக்கிறவை என்ன சொல்லுவினம்? அப்பாவும் அதுக்குத்தானே வைக்கேல்லை."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. பாவம், ஒண்டும் அறியாத சொஃப்ட்வெயரிலை பழியைப் போட்டிட்டாய்."

"இல்லை அக்கா..."

"உறுதியிலை ஆருடைய பேர் கிடக்கு? என்ரை அறைக்குக் கதவு இல்லாட்டி இந்தக் காணியிலை வீடும் இல்லை. ஓட்டைக் கூரைக்குக் கீழை இருந்து தைப்பன். அப்பாவின்ரை சுவரை நான் அழிச்சுப்போட்டன். நீ திரும்ப வைக்காதை."

தொலைபேசியைப் பட்டென்று வைத்தேன். கோபத்தில்தான். கொஞ்சம் பயத்திலும்தான், காசு அவனுடையது, அவன் வேண்டாமென்று விட்டால் வீடு எழும்பாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட நான் திரும்ப எடுக்க நினைக்கவில்லை. ஒரு கிழமை கழித்து அவன் புதிய ஃபைல் அனுப்பினான். கதவைத் திறந்து பார்த்தேன். ஒழுங்கை தெரிந்தது.

அத்திவாரம் முடிந்து கதவு நிலை வைக்கிற நாள் வந்தது. ஐயர் கணித்துக் கொடுத்த நல்ல நேரம் காலையில் அரை மணித்தியாலம். இரண்டு நிலைகள் மஞ்சள் குங்குமம் பூசிச் சாத்தியிருந்தன. ஒன்று தம்பி செய்வித்த பெரிய தேக்கு நிலை, முன்வாசலுக்கு. மற்றது என் அறைக்கு, வேம்பில் செய்த சின்ன நிலை. தம்பி வீடியோவில் நின்றான், பக்கத்து வீட்டு அக்கா கைபேசியைப் பிடித்திருந்தார்.

மேசன் அண்ணை பெரிய நிலையில் கை வைத்தார். "அக்கா, நேரம் துவங்கியிட்டுது. தூக்குவமே?"

"அதை விடுங்கோ அண்ணை. மற்றதைத் தூக்குங்கோ."

அவர் விழித்தார். "வாசல் நிலையைத்தானே முதல் வைக்கிறது வழக்கம்?"

"ஓம். நான் போய்வாற வாசல் இதுதான்."

அவர் கைபேசியில் நின்ற தம்பியைப் பார்த்தார். நான் போய் வேப்பம் நிலையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தை மேசன் அண்ணை பிடித்தார். நிமிர்த்தி, நூல்குண்டு பிடித்துப் பார்த்து, நேராக நிறுத்தினோம்.

"அப்ப என்ரை கதவு, அக்கா?" என்று தம்பி கேட்டான்.

"நேரம் இருந்தா வைப்பம்," என்றேன்.