எழிலன் கொண்டுவரும் போன்

கடலூர் முதுநகர்ப் படகுக்காரர் காத்தவராயன், போன புயலில் கரையோடு பேச வழியின்றி நடுக்கடலில் தவித்தவர். அதனால்தான் துபாயிலிருந்து ஊருக்கு வரும் மைத்துனன் எழிலனிடம் சாட்டிலைட் போன் ஒன்று வாங்கிவரச் சொன்னார். “வரி கேட்டா கட்டிடு மச்சான், நான் தர்றேன்” என்றார்.

சிதம்பரம் கல்யாணத்தில், சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரர் தமிழ்மணியிடம் இதைப் பெருமையாகச் சொன்னார். தமிழ்மணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“அது வரி கட்டிக் கொண்டாற சாமான் இல்ல மாமா. முன்னாடியே லைசென்ஸ் வாங்கணும். இல்லன்னா ஏர்போர்ட்லயே ஆளப் புடிச்சி உள்ள வச்சிடுவாங்க.”

காத்தவராயன் எழிலனை அழைத்தார். போன் அணைந்திருந்தது. மறுநொடி வீட்டிலிருந்து மனைவி சுவேதா போனில் கூப்பிட்டாள்.

“தம்பி பிளைட் ஏறிட்டானாம். வந்ததும் சாப்பிட எறா வேணுமாம். வாங்கியாறீங்களா?”