தலையால் அடிக்கக் கூடாது என்ற தீர்மானம்

புயல் அடித்ததற்கு அடுத்த வருடம் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு நான் செயலாளர். பழைய கோல் கம்பங்களைக் காற்று கொண்டுபோயிருந்தது. விழுந்து கிடந்த தென்னைகளைத் தறித்து நட்டிருந்தோம். அவை நேராக நிற்கவில்லை. ஆனால் அசையாமல் நின்றன.

செவ்வாய்க்கிழமை நடந்த அரையிறுதியில் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன், உயர்தர வகுப்பு மாணவன், மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் கோலுக்குள் அனுப்பினான். அதே வேகத்தில் தலையைத் தென்னங்குற்றியிலும் மோதினான். என் குறிப்புக் கொப்பியில் நேரம் ஐந்து பன்னிரண்டு. ஊர் குதித்து முடித்து அவன் கிடந்த பக்கம் திரும்பியபோது ஐந்து பதினான்கு.

ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் ஊற்றினார். ஒரு ஹாஜியார் ஓதி ஊதினார். பிறகு சோடாக்காரரே வைத்தியப் பரிசோதனையையும் நடத்தினார்.

"மகன், இது எத்தின விரல்?"

"ரெண்டு."

காட்டியது மூன்று. "கிட்ட வந்திட்டான்," என்றார் அவர்.

பையன் என்னைப் பார்த்தான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, மெச் தொடங்கிட்டா?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பாருங்கடா, இவனுக்கு இப்பதான் சூடேறுது!" அவனை மறுபடியும் இறக்கினோம். ஆட்டம் முடிவதற்குள் அதே கேள்வியை இன்னும் நான்கு தடவை கேட்டான். கணக்கு என்னிடம் இருக்கிறது.

மறுநாள் அவனுடைய உம்மா அவனை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். அங்கே வைத்தியம் பார்த்த அப்போத்திக்கரி பந்தாட்டமே பார்க்காதவர். ஆகவே தெளிவாகப் பேசினார். "மூளை குலுங்கியிரிக்கு. மூணு கிழமைக்கு, இருவத்தொரு நாளும், பந்துப் பக்கம் போகப்படாது. இன்னொரு அடி விழுந்தா என்ட கையில ஒண்டுமில்ல." அதையே துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். உம்மா அதை என்னிடம் கொண்டுவந்து தந்தார். நான் கூட்டக் கொப்பியில் ஓரம் மடியாமல் ஒட்டினேன்.

இறுதி ஆட்டம் வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு. வியாழக்கிழமை கூட்டம் கூடினோம். தலைவர் அரிசி ஆலைக்காரர்; வாழ்க்கையில் எதையும் உதைத்தவரல்ல.

"அந்த மனிசனுக்குப் பந்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

"அடி பட்டது தலையிலதானே," என்றார் சோடாக்காரர். "கால் ரெண்டும் நல்லாத்தான் இரிக்கி."

இந்த வாதம் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அவன் விளையாடுவது என்றும், ஆனால் தலையால் அடிக்கக் கூடாது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். நான் அதை எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டேன். தலைவர் நேரே உம்மாவிடம் போய்ச் சொன்னார்: "காலால மட்டும்தான் தங்கச்சி. எழுத்தில இரிக்கி."

வெள்ளிக்கிழமை நற்பிட்டிமுனையிலிருந்தும் பெரியநீலாவணையிலிருந்தும்கூடச் சைக்கிளில் ஆட்கள் வந்திருந்தார்கள். பையன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடியே ஓடினான். எதிரணி ஒரு கோல் போட்டிருந்தது. கடைசி நிமிடங்களில் எங்களுக்கு மூலை உதை கிடைத்தது. பந்து வளைந்து, அவனுடைய நெற்றிக்கென்றே அளவெடுத்தது போல வந்தது.

"தலையால குடுடா!"

மைதானம் முழுவதும் ஒரே குரல். தலைவர் தான் உட்கார்ந்திருந்த கதிரையில் ஏறி நின்று கத்தினார். பையன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தான். பந்து அவனுக்கு மேலால் போய் வெளியே விழுந்தது. தோற்றோம்.

"தலைக்குள்ள என்னடா, முட்டையா வெச்சிரிக்காய்?"

"உம்மாட மடியில போய்ப் படுடா!"

செவ்வாய்க்கிழமை வென்றதும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போன அதே ஆட்கள்தான். வெளிச்சம் பொறுக்காமல் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் வந்தபோது, "ஆ, நடிகர் வாறார், வழி விடுங்க!" என்றது தேநீர்க் கடை. அடுத்த கூட்டத்தில் தோல்விக்கான காரணத்தை நான் எழுதி வாசித்தேன்: 'கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தாமை.' சொல்லழகைத் தலைவர் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, கழகத்தின் ஜேர்சியைத் திருப்பி வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் சாக்குத் துணி கட்டிய அறையில் இருந்தான். புத்தகத்தில் எழுத்துகள் ஓடுவதால் அந்த வருடம் பரீட்சை எழுதப்போவதில்லை என்றான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

"நீ குனிஞ்சது சரிதான் தம்பி. தீர்மானமும் அப்பிடித்தானே."

"ஓம் காக்கா," என்றான். "ஆனா கத்தினதில உங்கட சத்தமும் கேட்டிச்சி."

கத்தினேன்தான். கதிரையில் ஏறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உம்மா ஜேர்சியைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். எடுத்து என் கையில் தந்தார். வாங்கிக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போனேன். பதினாறு வயதில் ஒருவன் அங்கே பயிற்சியில் இருந்தான், நன்றாக உயர எழும்பக் கூடியவன். ஜேர்சி அவனுக்குச் சற்றுத் தொளதொளவென்றிருந்தது. வளர்ந்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னோம்.