புகை இயந்திரத்தின் மேல் போட்ட பழி

கைகளைச் சூடாக்கிக்கொள்ளாமல் ஹில்க்கா எந்த எலியையும் தொட்டதில்லை. காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் அணைத்தபடி ஐந்து நிமிடம் நிற்பாள். அப்புறம்தான் கூண்டைத் திறப்பாள். குளிர்ந்துபோன எலியின் வாலில் நரம்பு தெரியாது, ஊசி ஏறாது. தூர்க்கு நகரத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த அறையில் பதினாறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அவள் ஊசி போட்டு ஓர் எலி கீச்சிட்டு நான் கேட்டதில்லை.

புகை இயந்திரமும் அவள் பொறுப்புதான். தினமும் சிகரெட்டுகளைச் செருகிப் பற்றவைப்பாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எலிகள் அந்தப் புகையைச் சுவாசிக்கும். சாயங்காலம் அவள் தலைமுடி, கோட்டு எல்லாம் நாறும்.

அந்த நாற்றம்தான் அவளுக்கு வரம். ஐந்து வருடத்துக்கு முன்பு அவள் கணவர் ரெய்யோவுக்கு இதயம் மக்கர் செய்தது. பிழைத்து வந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் கைகோத்து, இனிமேல் புகைப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஹில்க்கா தாக்குப்பிடித்தது பதினோரு மாதம். பிறகு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ரெய்யோ மூக்கைச் சுளித்தால், "இயந்திரம்" என்பாள்.

"பாவம் நீ. வேற வேலை குடுக்கச் சொல்லிக் கேளேன்" என்பார் அவர். அந்தப் பரிவு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். என்னிடம் மட்டும் சொல்லி அழுவாள். அழுது முடித்ததும் பற்றவைக்க வெளியே போவாள்.

இந்த ஆகஸ்டில் புகை கொடுக்கும் கட்டம் முடிந்தது. இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினார்கள். அதை ஹில்க்கா வீட்டில் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆய்வாளர் ஸ்டீனா அவளைக் கணினித் திரைக்கு முன்னால் கூப்பிட்டாள். பதினாலாம் நம்பர் எலியின் படம் அது. சக்கரத்தில் எல்லோரையும் விட வேகமாக ஓடுகிறவன் அவன்.

"நம்ம ஓட்டக்காரன்தானே? இவனுக்கென்ன, ஜம்முனு இருக்கான்."

"எக்ஸ்ரேலயும் ஜம்முனுதான் இருந்தான். இப்ப உள்ள பாரு."

ஹில்க்கா போட்ட ஊசி மருந்து, நுரையீரலில் எங்கெல்லாம் புண் தொடங்குகிறதோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்து ஒளிர்ந்தது. மஞ்சள் மஞ்சளாக, திட்டுத் திட்டாக.

"இருமவே இல்லையே இவன்."

"இருமல் வர இன்னும் ரொம்ப நாளாகும். அதுக்கு முன்னாடியே பிடிக்கத்தானே இவ்வளவு பாடு."

"அப்ப அவனுக்கே தெரியாது."

"தெரியாது. சந்தோஷமா ஓடிட்டிருப்பான்."

ஹில்க்காவின் கை கோட்டுப் பைக்குள் இருந்த சிகரெட் பெட்டியைத் தொட்டது. சுட்டதுபோல வெளியே வந்தது.

சனிக்கிழமை மத்தியானம், சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையின் வெக்கையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கொதிக்கும் கல்லின் மேல் தண்ணீர் ஊற்ற ரெய்யோ அகப்பையில் மொண்டார்.

"ரெய்யோ, இயந்திரத்தை மூணு வாரம் முன்னாடியே மூடிட்டாங்க."

அகப்பை அந்தரத்தில் நின்றது. ஹில்க்காவுக்குக் கண்ணீர் எது, வியர்வை எது என்று தெரியவில்லை. "நான் உன்கிட்ட நாலு வருஷமா பொய் சொல்லியிருக்கேன். என்னை மன்னிப்பியா?"

அவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"மூணு வாரமாவா?"

"ஆமா."

"அப்ப திரைச்சீலை நாறுதே, அதுக்கு இனிமே நான் யாரைச் சொல்றது?"

ஹில்க்கா மெல்லத் திரும்பினாள். "நீ எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

"படகுக் கொட்டகைல. மீன் வலைக்கு அடியில."

"நீ மீன் பிடிக்கப் போயே பத்து வருஷமாச்சே."

"அதான் அங்க வச்சேன்."

"வேற வேலை கேளு, வேற வேலை கேளுன்னு உருகினியே, கிழவா."

"எங்க நிஜமாவே கேட்டுருவியோன்னு பயந்துகிட்டேதான் சொன்னேன்."

குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தால் அவர் முதுகில் நான்கு போட்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓட்டக்காரனின் கதையைச் சொன்னாள். ரெய்யோ தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். எடுத்து வந்த இரண்டு சிகரெட் பெட்டிகளும் சவுனா வாளித் தண்ணீரில் மூழ்கின. முதலில் அவற்றை அடுப்பில் போட அவர் எழுந்தபோது, "வேண்டாம், அந்த வாசனையே ஆகாது" என்று அவள்தான் தடுத்தாள்.

ஐந்து வாரம் கழித்து எலிகளை மறுபடி படம் எடுத்தார்கள். காப்பி நேரத்தில் தொலைபேசி அடித்தது, நான்தான் எடுத்தேன்.

"ஓட்டக்காரன் எப்படி இருக்கான்?" ரெய்யோ கேட்டார்.

"ஒளி கொஞ்சம் மங்கியிருக்கு."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "சரி. அப்ப இன்னிக்கும் புகைக்காம தாங்கிடலாம். ஹில்க்காகிட்டயும் சொல்லிடு."

அவள் கோப்பையை அணைத்தபடி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.